டி.சி. கொடுத்தால் தீருமா?



சேர்வராயன் மலையில் நின்றுகொண்டு இதைப் பேசுகிறோம். ஏற்காட்டில் பேர்பெற்ற உறைவிடப் பள்ளிகள் உண்டு. அங்கே ஒரு பள்ளி வேண்டாமென்று அனுப்பினால், பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வேறொரு பள்ளி கிடைக்கும். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கும் எஸ்டேட் கூலியின் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியை விட்டால் வேறு கதியில்லை. அங்கே டி.சி. கிழித்தால் அடுத்தது காப்பித் தோட்டம், இல்லையேல் திருப்பூர் பஸ்.

எங்களுக்குத் தெரிந்த பையன் ஒருவன் விடுதியில் சின்னப் பிள்ளைகளை அடித்தான். 'ரவுடி' என்றார்கள். ஓர் ஆசிரியை மட்டும் அவனுடைய லைன் வீடுவரை நடந்துபோய்ப் பார்த்தார். அப்பா இல்லை, காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் தங்கையைப் பார்த்துக்கொள்வது அவன்தான். அவனை நிறுத்தாமல் காப்பாற்றினார். ஆனால் அடிவாங்கிய பிள்ளைகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவும் எங்கள் தவறுதான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் காவல் போய்விடுகிறது. 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று எழுதி, படிக்காத தாயிடம் கைநாட்டு வாங்கிவிட்டால் முடிந்தது கதை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதை 'நடத்தைக் கோளாறு' என்று சொல்ல மாட்டோம். அது சாதி. பசியால் முரண்டு பிடிக்கும் பிள்ளையையும் சாதித் திமிரால் அரிவாள் தூக்கும் பிள்ளையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனால் அரிவாள் தூக்கியவனும் பிறக்கும்போதே அதோடு பிறக்கவில்லை. ஊரும் வீடும் கொடுத்தது அது. பள்ளி அதைக் கண்டும் காணாமல் இருந்தது.

அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறுக்குத் தடை கேட்டது. 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்றது. வரவேற்கிறோம். ஆனால் மலைப் பள்ளிகள் பலவற்றில் 500 பேர் ஏது?

ஆகவே நாம் கேட்பது மூன்று. அடிபட்ட பிள்ளைக்கு முதலில் பாதுகாப்பு. மலைப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு நல அலுவலராவது. வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் எவருக்கும் டி.சி. இல்லை.

நம் பிள்ளைகளே அதிகம் வெட்டுப்படுகிறார்கள். ரவுடி என்று முதலில் விரட்டப்படுவதும் நம் பிள்ளைகளே. அதனால்தான் இரண்டு பக்கமும் நின்று பேச வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.