காவலாளியின் கைத்தடி



சில மாதங்களுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில், எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் வாயிலில் நின்றிருந்தேன். இளைஞன் ஒருவன் ஒரு புதுச் சட்டையை மறைத்து எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தான். உங்களில் மூத்தவர்களின் வயதுதான் அவனுக்கும் இருக்கும். வாயிற்காவலாளி ஒரே எட்டில் அவன் தோளைப் பற்றி நிறுத்தினார். சட்டை கீழே விழுந்தது. அதை எடுத்துத் தம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதன் பிறகு அவருடைய தடி அவன் முதுகில் மூன்று முறை விழுந்தது. கூடியிருந்தவர்களில் ஒருவர், "இன்னும் இரண்டு கொடுங்கள்" என்றார். நானோ வாய் திறக்கவில்லை.

தோளைப் பற்றியது முறை, அதில் ஐயமில்லை. அடித்தது எப்படி?

உடுப்பைக் கண்டதும் காவலாளியைப் போலீஸ்காரரின் தம்பி என்று நாம் எண்ணிவிடுகிறோம். தனியார் காவல் நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குப் போலீஸ் அதிகாரம் எதையும் அளிக்கவில்லை. போலீஸ் உடுப்பைப் போன்றதை அவர் அணிந்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். உங்களுக்கும் எனக்கும் உள்ள தற்காப்புரிமைதான் அவருக்கும் உண்டு. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இருந்த அவ்வுரிமை, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையிலும் மாறாமல் இடம்பெற்றுள்ளது. உடலையும் பொருளையும் காக்கப் பலத்தைப் பயன்படுத்தலாம். காப்பதற்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்தலாகாது என்கிறது அதன் 37ஆவது பிரிவு. இரவில் கன்னமிட்டு நுழைகிறவனை எதிர்ப்பதற்கும் சட்டை திருடியவனைத் தடுப்பதற்கும் அளவு வேறு.

அளவைப் போலவே நேரமும் உண்டு. திருட்டுக்கு எதிரான தற்காப்புரிமை பொருள் மீட்கப்பட்டதும் முடிந்துவிடும். சட்டை கக்கத்தில் ஏறிய கணத்தில் காவலாளியின் உரிமை தீர்ந்தது. மூன்று அடியும் அதற்குப் பின் விழுந்தவை, அவை தண்டனை. தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. அந்த நீதிமன்றமும் என்ன செய்யும்? ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதன்முறை குற்றவாளியாகி, பொருளையும் திருப்பித் தந்தவனுக்குப் புதிய சட்டம் விதிப்பது சமுதாயத் தொண்டுதான். தடியடி எந்தக் குற்றத்திற்கும் அதில் இல்லை.

இவ்வளவையும் சொல்லி அக்காவலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? கூட்டம் கலைந்த பின் அவரிடம் பேசினேன். ஐம்பது வயதைக் கடந்தவர்.

"ஏன் ஐயா அடித்தீர்கள்? சட்டைதான் கிடைத்துவிட்டதே" என்றேன்.

"பொருள் போனால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள், சார். நான் சும்மா நின்றதை முதலாளி பார்த்தால் வேலையே போகும். அடிப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

அடி பட்டவன் ஒருவன். அது காட்டப்பட்டது வேறொருவருக்கு. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மத்திய அரசு 2006இல் வகுத்த மாதிரி விதிகள், காவலாளிக்கு நூறு மணி நேர வகுப்புப் பாடமும் அறுபது மணி நேரக் களப் பயிற்சியும், குறைந்தது இருபது வேலை நாட்களில் தரவேண்டும் என்றன. எங்கே நிறுத்திக்கொள்வது என்பதை அங்கேதான் அவர் கற்றிருக்க வேண்டும். எத்தனை நாள் பயிற்சி பெற்றீர்கள் என்று கேட்டேன்.

"உடுப்புக்கு அளவு எடுத்தார்களே, அந்த ஒரு நாள்தான், சார்" என்று சொல்லிவிட்டு, கடைக்கு வந்த ஓர் அம்மாளுக்குக் கதவைத் திறந்துவிடப் போய்விட்டார்.