எந்த வேலை? எதற்காக?



காலை ஐந்து மணி. சத்தியவேடு பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருட்டு விலகவில்லை. சாலை ஓரத்தில் பெண்கள் நிற்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை. கையில் சாப்பாட்டுப் பை. கம்பெனி பஸ் வருகிறது. ஏறிக்கொண்டு போகிறார்கள்.

எங்கே போகிறார்கள்? ஸ்ரீ சிட்டிக்குப் போகிறார்கள்.

ஸ்ரீ சிட்டி எங்கே இருக்கிறது? சென்னையில் இருந்து வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தூரத்தில், தடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடம் ஆந்திர மாநிலம். ஆனால் தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம்தான். முன்பு இந்தப் பகுதி சித்தூர், நெல்லூர் மாவட்டங்களில் இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானது. இப்போது அதில் இருக்கிறது.

சத்தியவேடு ஒரு காலத்தில் சென்னை மாநிலத்தில் இருந்த ஊர். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியது. திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. அதனால் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் இங்கே உண்டு.

2008-இல் இங்கே தொழில் நகரம் தொடங்கியது. அதற்கு முன்பு வயலும் ஏரியும் மேய்ச்சல் நிலமும்தான். இன்று பல நாட்டுக் கம்பெனிகள் இருக்கின்றன. சென்னையில் ஓடும் மெட்ரோ ரயில் பெட்டிகளில் பெரும்பாலானவை இங்கே செய்தவை. சாக்லேட் செய்யும் ஆலை இருக்கிறது. வண்டி செய்யும் ஆலை இருக்கிறது. 2015-இல் செல்போன் பூட்டும் வேலை தொடங்கியது. அந்த வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றியிருந்த கிராமங்களில் இருந்து வந்த பெண்கள்.

வேலை வந்தது. நல்லதுதான். ஆனால் வேலை வந்ததும் ஒரு கேள்வியும் வந்தது. எந்த வேலைக்குப் போவது? எதற்காகப் போவது?

ஒரு வீட்டுக் கதை

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா சின்ன விவசாயி. நிலக்கடலை போட்டார். மழை ஏமாற்றியது. கடன் ஏறியது. அம்மா முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். மகளுக்கு 19 வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். தம்பி எட்டாம் வகுப்பு.

வீட்டில் பேச்சு நடக்கிறது.

"செல்போன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். நாளைக்கே போகட்டும். கடன் அடையும்" என்கிறார் அப்பா.

"கல்யாணத்தை முடித்து விடு அண்ணா. பிறகு அவள் புருஷன் பாடு" என்கிறார் அத்தை.

எல்லோரும் பேசினார்கள். அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. இரவு பாத்திரம் கழுவும்போது அம்மா கேட்டார்.

"உனக்கு என்னடி வேணும்?"

மகளுக்குப் பதில் வரவில்லை. இதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்.

"நான் யார் கிட்டயும் கை நீட்டக் கூடாதும்மா. தம்பி படிப்பு நிக்கக் கூடாது. அப்புறம், எனக்கு மோட்டார் ரிப்பேர் பண்ற வேலை பிடிக்கும். நம்ம பம்புசெட்டைப் பிரிச்சப்போ பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன்."

அம்மா தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் மெதுவாக எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. ஆனால் விஷயம் நேராக இருந்தது.

முதல் வரி: எது முக்கியம்? சொந்தக் காலில் நிற்பது. தம்பி படிப்பு. பிடித்த தொழில்.

இரண்டாம் வரி: ஐந்து வருடத்தில் எங்கே? கம்பெனியில் மின்சாரம், மெஷின் பழுது பார்க்கும் பிரிவில்.

மூன்றாம் வரி: இப்போது என்ன செய்வது? இரண்டு வருடம் செல்போன் கம்பெனியில் வேலை. கடன் அடைப்பது. மாதம் ஒரு தொகை அவள் பேரில் சேமிப்பது. பிறகு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பு. அது இரண்டு வருடம்.

அப்பா தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கீழே கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருடம் போனது. கடன் பெரும்பாலும் அடைந்தது. மகள் ஐ.டி.ஐ. பேச்சை எடுத்தாள். அப்பாவுக்கு மனம் வரவில்லை. மாதம் வரும் சம்பளம் நின்று போகுமே!

"இன்னும் ரெண்டு வருஷம் போகட்டுமே. நகைக்கு ஆகும்" என்றார்.

அம்மா எழுந்து போய்த் தாளை எடுத்து வந்தார். "இது யார் கையெழுத்து?" என்று கேட்டார்.

அப்பா சிரித்துவிட்டார். இருந்தாலும் கஷ்டம் கஷ்டம்தானே? கடைசித் தவணை பாக்கி இருந்தது. எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த வருடச் சேர்க்கைக்குப் போவது என்று முடிவானது. ஒரு வருடம் தள்ளிப் போனது. ஆனால் திட்டம் கலையவில்லை. தாளில் தேதியை மட்டும் அடித்துத் திருத்தினார்கள்.

தாளில் என்ன இருந்தது?

அந்தத் தாளில் மந்திரம் எதுவும் இல்லை. மூன்று கேள்விக்குப் பதில் இருந்தது. அவ்வளவுதான்.

எனக்கு எது முக்கியம்? எங்கே போய்ச் சேர வேண்டும்? இன்றைக்கு எந்த அடி எடுத்து வைப்பது?

பலர் மூன்றாவது கேள்வியை மட்டும் கேட்கிறார்கள். "எங்கே ஆள் எடுக்கிறார்கள்?" என்று ஓடுகிறார்கள். 500 ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த கம்பெனி. பஸ் நின்று போனால் இன்னொரு கம்பெனி. ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் கையில் தொழிலும் இல்லை, சேமிப்பும் இல்லை. வண்டியில் ஏறினோம், ஊர் எது என்று கேட்கவில்லை என்ற கதையாகிவிடும்.

எல்லோருக்கும் முக்கியமானது ஒன்றாக இருக்காது. ஒருவருக்குப் பணம் முக்கியம். ஒருவருக்கு மாலையில் பிள்ளையோடு இருப்பது முக்கியம். ஒருவருக்கு நிலத்தை விடாமல் இருப்பது முக்கியம். எதுவும் தப்பில்லை. ஆனால் எது என்று தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையோடு இருப்பதுதான் முக்கியம் என்றால், இரவு ஷிப்டுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கிடைத்தாலும் யோசிக்க வேண்டும்.

எது முக்கியம் என்று தெரிந்தால் எளியவர்களுக்கும் பலம் வரும். இதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமம். 1990-களின் தொடக்கம். அறிவொளி வகுப்பில் பெண்கள் குடியைப் பற்றிய பாடம் படித்தார்கள். தங்கள் வீட்டுக் கதை அதில் இருந்தது. உழைத்த கூலி வீட்டுக்கு வர வேண்டும், அதுவே முதல் தேவை என்று முடிவு செய்தார்கள். ரோசம்மா என்ற பெண் முன்னால் நின்றார். ஊரில் சாராயக் கடை மூடப்பட்டது. போராட்டம் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திரம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. படிப்பு அவர்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தது.

சேரும் முன்பு கேளுங்கள்

வேலைக்குச் சேரும்போதும் கேள்வி கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை.

வேலை கம்பெனியிலா, காண்ட்ராக்டரிடமா? கையில் வரும் சம்பளம் எவ்வளவு? வேலை எத்தனை மணி நேரம்? இரவு ஷிப்ட் உண்டா? வீடு வரை வண்டி வருமா? என்ன தொழில் கற்றுக் கொடுப்பார்கள்? வேலை உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்போது உங்களால் படிக்க முடியுமே!

சம்பளச் சீட்டையும் படியுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. 100 ரூபாய்க்கு 75 காசு உங்களிடம் பிடிப்பார்கள். முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டுவார். அதில் மருத்துவ வசதி கிடைக்கும்.

அடுத்தது பி.எஃப். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 100-க்கு 12 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு கட்டுவார். அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. உங்களுக்கு 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. அதை எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

கல்யாணம் என்று வேலையை விடும் பெண்கள் பலர் மொத்தப் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். இங்கேதான் நஷ்டம். ஓய்வூதியம் பெற 10 வருட சேவை வேண்டும். ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த வருடங்கள் கணக்கில் நிற்காது. எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைக்கலாம். பிறகு வேலைக்குப் போனால் பழைய வருடமும் புதிய வருடமும் சேரும். மூன்று வருடம் இங்கே, ஏழு வருடம் அங்கே என்றாலும் பத்துதான்.

படிப்பு பாதியில் நின்றவர்களும் வருந்த வேண்டாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 1989-இல் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஒரே தடவையில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடம் அவகாசம் உண்டு. தமிழிலும் எழுதலாம், தெலுங்கிலும் எழுதலாம்.

இன்று இரவு ஒரு வேலை

நண்பர்களே, திட்டம் போட்டால் எல்லாம் அப்படியே நடந்துவிடுமா? நடக்காது. மழை பொய்க்கும். கம்பெனி ஆள் குறைக்கும். வீட்டில் நோய் வரும். அதனால் தாளை வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம் அல்லவா? அப்போது இதையும் பாருங்கள். தேதியை மாற்றலாம். வழியை மாற்றலாம். முதல் வரியை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு தாள் எடுங்கள். காலண்டர் தாள் போதும். மூன்று வரி எழுதுங்கள். எழுதுவதற்கு முன்பு உங்கள் மகளிடம் கேளுங்கள், "உனக்கு என்ன வேணும்?" என்று. மகனிடமும் கேளுங்கள்.

பதில் உடனே வராது. இரண்டு நாள் காத்திருங்கள்.