ஒரே நாளில் இரண்டு பாட்டு

(லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. அந்த நாளில் தேக்காவில் காய்கறி வாங்கிய பையோடு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் ஒரு பாடகியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அவர் பெயர் கிஷானி ஜயசிங்க. இலங்கைக்காரர், சிங்களப் பெண். சட்டப் பட்டம் பெற்றவர். பிறகு லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் பயின்று, ராயல் ஓபரா ஹவுஸின் இளம் கலைஞர் திட்டத்துக்குத் தேர்வானார். ஐரோப்பிய செவ்வியல் இசையில் பெண்களின் மிக உயர்ந்த குரலை சொப்ரானோ என்பார்கள். கிஷானி ஒரு சொப்ரானோ. ஓபராவில் பொதுவாக மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவையும் தாண்டி, கடைசி வரிசையில் இருப்பவர் காது வரை வெறும் குரல் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பல ஆண்டு உழைப்பு வேண்டும். மூட்டை தூக்கும் தோளைப் போல அந்தத் தொண்டையும் பழக்கத்தால் உரமேறியதுதான்.

2016 பிப்ரவரி 4, இலங்கையின் சுதந்திர தினம். அந்த விழாவில் கிஷானி 'தன்னோ புதுங்கே' என்ற சிங்களப் பாடலை ஓபரா முறையில் பாடினார். 1903-ல் ஜான் டி சில்வா எழுதிய 'சிறிசங்கபோ' நாடகத்தில் வரும் பாடல் அது. சிங்கள பௌத்தர்கள் பக்தியோடு கேட்பது. பாடி முடித்ததும் வசவு கிளம்பியது. "எங்கள் பாட்டை வெள்ளைக்காரன் மாதிரிப் பாடிக் கெடுத்துவிட்டாள்" என்றார்கள். ஒரு தனியார் தொலைக்காட்சி அவரை மிகக் கேவலமாகக் கேலி செய்து, பின்னர் மன்னிப்புக் கேட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் இந்தியாவிலிருந்து சென்ற விஸ்வநாத் லவ்ஜி. வெளியூர்க்காரர் போட்ட மெட்டு நூறு ஆண்டில் "எங்கள் மெட்டு" ஆகிவிட்டது. அதே ஊரில் பிறந்த பெண்ணின் குரல் மட்டும் "அந்நியக் குரல்" ஆகிவிட்டது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. 1949-க்குப் பிறகு முதன்முறையாக, சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. மு. நல்லதம்பி மொழிபெயர்த்த வரிகள். இலங்கை அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே அவை அச்சாகி இருக்கின்றன. ஆனாலும் அதற்கும் எதிர்ப்பு வந்தது. 2020 சுதந்திர தின விழாவில் தமிழ்க் கீதம் விடப்பட்டது. இடையில் சட்டம் மாறவில்லை, ஆட்சிதான் மாறியது. ஒருவருடைய நல்ல மனதால் கிடைப்பதை இன்னொருவருடைய கெட்ட மனது எடுத்துக்கொண்டு போய்விடும். உரிமை என்றால் யார் வந்தாலும் எடுக்க முடியாததாக இருக்க வேண்டும். சட்டம் படித்த எனக்கு அந்த நாள் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்.

"சிங்கப்பூரிலும் கீதம் மலாயில் மட்டும்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுபிர் சயீத் 1958-ல் இயற்றிய 'மஜுலா சிங்கப்பூரா'வைச் சீனரும் தமிழரும் மலாயில்தான் பாடுகிறோம். அதனால் நம் பிள்ளைகள் கூனிக் குறுகவில்லை. ஏன்? இங்கே பெரும்பான்மையோர் சீனர்கள். கீதமோ சிறுபான்மையினரான மலாய் மக்களின் மொழியில் இருக்கிறது. அரசியலமைப்பின் 153ஏ பிரிவு தமிழை நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்கிறது. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம், பள்ளியில் படிக்கலாம், கையிலிருக்கும் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. ஆக, ஒரே மொழியில் கீதம் பாடுவது குற்றமல்ல. கூட நின்று பாடியவனை "நீ வாயை மூடு" என்பதுதான் குற்றம்.

கடைசியாக நம் வீட்டுக்கு வருகிறேன். பள்ளி இசைக்குழுவில் மேற்கத்திய முறையில் பாட ஆசைப்படும் நம் பெண்ணிடம் நாம் என்ன சொல்கிறோம்? "அது நமக்கெதுக்கு? தேவாரம் பாடு, போதும்." அவள் கர்நாடக சங்கீதம் கற்கப் போனால், "அதெல்லாம் வசதியானவங்களுக்கு" என்கிறோம். இரண்டு கதவையும் நாமே சாத்திவிட்டு, மேடையில் நம்மவர் யாரும் இல்லையே என்று வருந்துகிறோம். கிஷானியைக் கேலி செய்த அந்தத் தொலைக்காட்சிக்கும் நமக்கும் அப்போது என்ன வித்தியாசம்?

தேவாரமும் பாடட்டும், ஓபராவும் பாடட்டும். கட்டணம் பாரமென்றால் பள்ளியில் கேளுங்கள், சிண்டாவில் கேளுங்கள். உதவி கேட்பதில் வெட்கமில்லை. எந்தக் குரலில் பாடினாலும் அவள் நம் பிள்ளைதான். இதை வெளியார் ஒத்துக்கொள்ள வேண்டுமென்று போராடுகிறோம். முதலில் வீட்டுக்குள் நாம் ஒத்துக்கொள்வோம்.