சாடியிற் பூக்கும் ஜெரேனியம்



பதுளையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை நோக்கி மலையேறிச் செல்வோர், தோட்டத்து லயங்களின் வாசலிலே, பழைய பால்மாப் பேணிகளிற் செங்கொத்தாய் மலர்ந்து நிற்கும் ஜெரேனியத்தைக் கண்டிருப்பர். தமக்கென ஒரு முழ நிலமும் இல்லாதார்க்கு அப்பேணியே பூந்தோட்டம். குடும்பம் வேறு லயத்துக்குப் பெயர்ந்தால் பேணியும் உடன் பெயரும். ஆதலின் இச்செடியை மடியாது காக்கும் வகையை அறிதல் வீண்பொழுதன்று.

இதன் தாயகம் தென்னாபிரிக்கா. 1789ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் லெரித்தியே இதனைப் பெலார்கோனியம் என்னும் தனிப் பேரினமாக வகுத்தார். எனினும் பழைய பெயரே மக்கள் நாவில் நிலைத்தது. இலைமீது குதிரை லாடம் போன்று ஓடும் கரும்பட்டையே நாம் பேசும் வகைக்கு அடையாளம். உறைபனி இதற்குப் பகை. எனவே குளிர் நாட்டார் இதனை ஓராண்டுச் செடியாகவே நடுகின்றனர். பதுளையில் நமக்கு அத்தொல்லை இல்லை. பல்லாண்டு வாழவல்லதை ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்குவானேன்?

நம்மவர் இதனைக் கொல்வது பெரும்பாலும் நீரினால். தவறணையிலே தேயிலைத் துண்டுகளை நட்டுப் பழகிய கைகள், இதற்கும் நிழலும் இடையறா ஈரமும் வேண்டுமென எண்ணுகின்றன. ஜெரேனியத்தின் தண்டோ சதைப்பற்றுடையது. ஈரம் மிகுந்தால் அடி கறுத்து அழுகும். நான்கு அங்குல நுனித்தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, கீழிலைகளைக் களைந்து, வெட்டுவாய் உலருமட்டும் சில மணி நேரம் நிழலிற் கிடத்துக. பின்பு மணல் கலந்த மண்ணில் ஊன்றி நீர் விடுக. மேல்மண் காய்ந்த பின்னரே மறுமுறை நீர். பேணியின் அடியில் ஆணியால் துளையிட மறவாதீர்கள். நன்கு வளர்ந்த ஒரு செடி, ஒரு வகுப்பு மாணவர்க்குத் துண்டு கொடுக்கும். காசில்லாத வீட்டிலும் பூ மலர இதைவிட எளிய வழியை நான் அறியேன்.

தேயிலைக்கு வந்த யூரியாவில் ஒரு பிடி இதற்கும் இடுவாருளர். அங்கே நாம் நாடுவது கொழுந்து, இங்கே மலர். யூரியா இலையையே பெருக்கும். மக்கிய சாணம் சிறிதளவு போதும். செடி நெட்டையாய் ஓடினால் தயங்காது கவ்வாத்துச் செய்க. வாடிய கொத்துக்களைக் காம்போடு ஒடித்தெறிக.

காலமும் கருதத்தக்கது. நுவரெலியாவில் ஆனி, ஆடியில் மழை பெய்ய, ஊவாவில் வறண்ட காற்று வீசும். நமக்குப் பெருமழை ஐப்பசி தொடங்கியே. ஆவணியில் ஊன்றிய துண்டு அதற்குள் வேர்கொள்ளும். மழை தொடங்கியதும் பேணிகளை இஸ்தோப்பின் ஓரத்திலே, வெயில் எட்டும் இடமாகப் பார்த்து வையுங்கள். இலையடியிற் செம்பழுப்புப் பொட்டுக்கள் வளையமாய்த் தோன்றினால் அது துருநோய். அவ்விலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். நீரையும் இலைமேல் தெளியாது வேரடியிலேயே ஊற்றுங்கள்.