கோடிங்கை விட்டு ஆடிட்டுக்குப் போன கதை

போன மாதம் ஒரு எபிசோடுக்கு நடுவில், பேச்சுவாக்கில், "நான் இப்போ ஆடிட்ல இருக்கேன்"ன்னு ஒரு வரி சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பத்திதான். "கோடிங் பிடிக்கலையா?", "லேஆஃபா?", "பி.இ. படிச்சவங்களை ஆடிட்டுக்கு எப்படி எடுத்தாங்க?" ஒருத்தர் ரொம்ப அக்கறையா, "எல்லாம் ஓகேதானே?"ன்னு கேட்டிருந்தார். ஓகேதான். இன்னிக்கு முழுசா சொல்லிடறேன்.

ஆறு வருடம் பேக்எண்ட் டெவலப்பரா இருந்தேன். பில்லிங், செட்டில்மென்ட், ரீஃபண்ட் என்று பணம் ஓடுகிற சிஸ்டம்தான் பெரும்பாலும். பிறகு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் ஐ.டி. ஆடிட் டீமில் சேர்ந்தேன். டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி. என்று 'பிக் ஃபோர்' நாலு பேர் இருக்காங்க. அவங்களுக்கு அடுத்த வரிசையிலும் பெரிய நிறுவனங்கள் இருக்கு. நான் எங்கே இருக்கேன்னு சொல்ல மாட்டேன், கேட்காதீங்க. என் பயோவில் இன்னும் 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்'னுதான் இருக்கு. மாத்தணுமான்னு எனக்கே தெரியலை.

எங்க அம்மாவுக்கு ஆடிட்டர் என்றால் மயிலாப்பூரில் ஃபைல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர். அப்பா வருடத்துக்கு ஒருமுறை ஃபார்ம் 16-ஐ எடுத்துக்கிட்டு அவரைப் பார்க்கப் போவார். அதனால் நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டி, அதுக்கு சி.ஏ. படிக்கணுமே?" சரியான கேள்விதான். ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடுவது சி.ஏ. மட்டும்தான். எனக்கு அந்தக் கையெழுத்து உரிமை கிடையாது. இந்த வேலையில் நான் எவ்வளவு வருடம் இருந்தாலும், சி.ஏ. முடிக்காமல் அது வராது. சேர்வதற்கு முன்னாடியே இதைத் தெரிஞ்சுக்கணும். இன்டர்வியூவில் யாரும் இதைத் தானாக எடுத்துச் சொல்ல மாட்டாங்க.

அப்போ எங்களுக்கு அங்கே என்ன வேலை?

ஒரு கம்பெனி சரக்கு வாங்குது. ஆர்டர் போட்டது எவ்வளவு, கிடங்குக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு, சப்ளையர் பில் போட்டது எவ்வளவு, இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போகணும். தினமும் பல தடவை நடக்கிற இந்தச் சரிபார்ப்பை ஒரு மனிதர் கையால் செய்கிறார் என்றால், ஆடிட்டர் வழக்கமாக 25 பில்லாவது எடுத்துப் பார்ப்பார். இதையே எஸ்.ஏ.பி. தானாகச் செய்தால்? ஒரே ஒரு பில். அவ்வளவுதான். சிஸ்டம் சோர்ந்து போகாது, ஆளைப் பார்த்து விட்டுக்கொடுக்காது, ஒரு தடவை சரியாகச் செய்தால் எல்லாத் தடவையும் அப்படியேதான் செய்யும் என்பது கணக்கு.

நான் முதல் வாரம் இதைக் கேட்டபோது சிரிச்சுட்டேன். ஒரு வருடம் முழுக்க அந்தக் கோடு மாறாமல் இருக்கும்னு யார் சொன்னது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் ஒரு இஃப் கண்டிஷனை கமென்ட் பண்ணிட்டுப் போனால்?

அந்த இடத்தில்தான் ஐ.டி. ஆடிட் வருது. யாருக்கு எந்த ஆக்சஸ் இருக்கு, வேலையை விட்டுப் போனவரின் ஐடியை எப்போ முடக்கினாங்க, கோடு மாறினால் யார் கேட்டது, யார் சோதிச்சது, யார் ஒப்புதல் கொடுத்தது, எழுதினவரே அதை ப்ரொடக்‌ஷனில் ஏற்ற முடியுமா. இதெல்லாம் ஒழுங்கா இருந்தால்தான் அந்த 'ஒரே ஒரு பில்' சோதனை செல்லும். இல்லைன்னா மேலே கட்டியது எல்லாம் ஆட்டம் காணும்.

இது ஏதோ பேப்பர் வேலைன்னு நினைக்கிறவங்களுக்கு சத்யம் கதையைச் சொல்வேன். 2009 ஜனவரி 7-ஆம் தேதி ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லைன்னு ஒத்துக்கிட்டார். அப்போ நான் ஸ்கூலில் இருந்தேன், டிவியில் பார்த்த ஞாபகம். பிறகு நடந்த விசாரணையில் தெரிய வந்ததுதான் என்னை மாதிரி ஆட்களுக்கு முக்கியம். அவங்க இன்வாய்ஸ் சிஸ்டத்தில் ஒரு 'சூப்பர் யூசர்' லாகின் இருந்தது. அது வழியாக 7,561 போலி இன்வாய்ஸ்களை ஏற்றியிருந்தாங்க. வேலை பார்க்கிற டீம்கள் கண்ணில் அவை படாது. கணக்கில் மட்டும் வருமானமாகச் சேரும். ஒரு லாகின், ஒரு மறைக்கிற வசதி. அதை யாரோ ஒரு டெவலப்பர் எழுதிக் கொடுத்திருப்பார் இல்லையா? அவர் என்ன நினைச்சுக்கிட்டு எழுதினாரோ.

அமெரிக்காவில் என்ரான் விழுந்த பிறகு 2002-இல் சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டம் வந்தது. ஆபீஸில் 'சாக்ஸ்'னு சொல்லுவாங்க, முதல் நாள் நான் காலைப் பார்த்தேன். இங்கே 2013 கம்பெனிச் சட்டத்தில் ஆடிட்டர் உள்கட்டுப்பாடுகளைப் பத்தியும் கருத்துச் சொல்லணும்னு இருக்கு. 2023 ஏப்ரல் 1-லிருந்து கணக்கு மென்பொருளில் யார், எப்போ, எதை மாத்தினாங்கன்னு பதிவாகணும், அந்தப் பதிவை அணைக்க முடியக் கூடாதுன்னும் விதி. டெவலப்பர்களை இந்தப் பக்கம் தேடுவதற்கு இதெல்லாம்தான் காரணம்.

சரி, எனக்கு என்ன நஷ்டம்? சம்பளம் 18 சதவீதம் குறைஞ்சது. ஆறு வருட அனுபவத்தில் அவங்க பாதியைத்தான் எண்ணினாங்க. எனக்கு ரிவ்யூ பண்ணினது என்னைவிட மூணு வயது சின்னவரான ஒரு சி.ஏ. பெண். என் முதல் ஒர்க்கிங் பேப்பரில் அவர் போட்ட குறிப்புகள் 41. அதில் ஒன்று, "இந்த ஸ்க்ரீன்ஷாட்டில் தேதியும் நேரமும் தெரியவில்லை." நான் டெவலப்பராக இருந்தபோது இதே கேள்வியைக் கேட்ட ஆடிட்டரை டீமோடு சேர்ந்து எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன்! ஸ்க்ரீனின் கீழ் மூலையில் கடிகாரம் தெரியணும், க்வெரி முழுசாத் தெரியணும், எத்தனை வரிசை வந்ததுன்னு தெரியணும். இல்லைன்னா அந்தப் பட்டியல் முழுசா, யாராவது பாதியை எடுத்துட்டுக் கொடுத்தாங்களான்னு எப்படிச் சொல்வது? கேலி பண்ணின வாய்க்கு இது வேணும்.

இன்னொன்று, சேரும்போது கையில் இருக்கிற பங்குகளை எல்லாம் பட்டியல் போட்டுக் கொடுக்கணும். நாங்க தணிக்கை செய்கிற கம்பெனியின் பங்கு ஒன்று என்னிடம் இருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கியது. விற்கச் சொல்லிட்டாங்க. விற்ற பிறகு அது ஏறினதைப் பத்தி நான் பேச விரும்பலை.

ஏப்ரல், மே மாதங்களைப் பத்தி நண்பர்கள் கேட்பாங்க. பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் மார்ச் 31-இல் வருடம் முடிந்து 60 நாளுக்குள் தணிக்கை செய்த முடிவுகளை வெளியிடணும். அந்த 60 நாளில் என்னை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடாதீங்க.

இப்போ சொல்ல வந்த விஷயம். சேர்ந்த முதல் ஏப்ரலில் நடந்தது. கம்பெனி யாருன்னு தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

ப்ரொடக்‌ஷனில் அந்த வருடம் நடந்த மாற்றங்களின் பட்டியலை நேரா சிஸ்டத்திலிருந்தே எடுத்து, 25 மாற்றங்களைத் தேர்வு செய்தோம். 24-க்கு டிக்கெட், டெஸ்ட், ஒப்புதல் எல்லாம் இருந்தது. மிச்சம் ஒன்றுக்கு எதுவுமே இல்லை. மார்ச் 31, இரவு 11:40. டேட்டாபேஸில் நேரடியாக ஒரு அப்டேட். செய்தவர் ஒரு டெவலப்பர்.

மீட்டிங் ரூமுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் டீ, கழுத்தில் ஐடி கார்டு, முகத்தில் "இந்த ஆடிட்டர்களுக்கு வேற வேலையே இல்லையா" என்கிற பாவம். அந்த முகம் எனக்கு நல்லாத் தெரியும், ஆறு வருடம் அதை நான் வச்சிருந்தேன்.

"மேடம், அன்னிக்கு நைட் பில்லிங் நின்னுடுச்சு. லோடு ஏத்தின வண்டி எல்லாம் கேட்ல நிக்குது. வருஷக் கடைசி நாள். டிக்கெட் போட்டு, ஒப்புதல் வாங்கி... விடிஞ்சிருக்கும். மேனேஜருக்கு போன் பண்ணினேன், 'போடு'ன்னார். போட்டேன்."

போனில் சொன்னதுக்குப் பதிவு இருக்கான்னு கேட்டேன். இல்லை. அப்புறம் நான் அந்த க்வெரியைப் படிச்சுட்டு, வேர் கண்டிஷனில் ஏன் தேதியையும் சேர்த்தீங்கன்னு கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க டெவலப்பரா?"

"இருந்தேன்."

"அப்போ நம்ம ஆளுதான். சொல்லுங்க மேடம், நீங்க இப்படிச் செஞ்சதே இல்லையா?"

செஞ்சிருக்கேன். 2021-இல் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு, ரீஃபண்ட் வரிசையில் மாட்டிக்கிட்டபோது, ப்ரொடக்‌ஷனில் நேரடியாகக் கையை வச்சேன். ஒப்புதல் என்பது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கட்டைவிரல் எமோஜி. மறுநாள் டீம் காலில் எனக்குக் கைதட்டினாங்க. அந்த வருடம் என் அப்ரைசலில் அதுதான் முதல் வரி.

அவர்கிட்ட உண்மையைச் சொன்னேன். "செஞ்சிருக்கேன்." அவர் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன மேடம், விட்டுடுங்களேன்."

விடலை. ஆனால் அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கலை. மனுஷர் தப்பா எதுவும் செய்யலைன்னு எனக்குத் தெரியும். தெரியும்னு நினைக்கிறது ஆடிட்டில் செல்லாது என்பதும் தெரியும். அதனால் டேட்டாபேஸ் லாக் கேட்டு வாங்கி, அந்த அப்டேட் எந்தெந்த வரிசைகளைத் தொட்டது, எந்தக் காலத்தை மாத்தியதுன்னு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 212 வரிசை. எல்லாவற்றிலும் ஒரே ஒரு நிலைக் குறியீடு. தொகையோ, தேதியோ எதுவும் மாறலை. அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. முன்னாடி இருந்த ஒரு டெவலப்பர் கண்ணுக்கு அந்த லாக் அரை மணி நேரத்தில் புரிஞ்சது. என்னை இந்த வேலைக்கு எடுத்ததுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு முதல் தடவையாத் தோணினதும் அப்போதான்.

இருந்தாலும் அந்த லாகின் அவர் கையில் வருடம் முழுக்க இருந்திருக்கு. அன்னிக்கு ராத்திரி அவர் லாரிகளுக்காகச் செய்தார். அதே லாகினில் வேறொருத்தர் வேறெதையாவது செய்திருக்கலாம். அந்த லாகின் வச்ச மற்ற மாற்றங்களையும் தேடினோம், எதுவும் இல்லை. மாதாமாதம் ஃபைனான்ஸ் டீம் செய்கிற ஒப்பீடும் ஒழுங்கா இருந்தது. குறைபாடுகளை மூணு படியாகப் பிரிப்போம். இது அடிப்படியோடு நின்னது, மேலே ஏறலை. அறிக்கையில் அவர் பெயரும் கிடையாது. 'ஒரு பயனர்' அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டிடத்தில் அந்தப் பயனர் யாருன்னு தெரியாதவங்க யாரும் இல்லை.

அவருடைய ஆக்சஸை எடுத்துட்டாங்க. ரெண்டு மாதம் கழித்து லிங்க்ட்இனில் அவர்கிட்ட இருந்து ஒரு மெசேஜ். "மேடம், நேத்து நைட் திரும்ப நின்னுச்சு. டி.பி.ஏ. எழுந்து வர மூணு மணி நேரம். நான் ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன்." கோபமா சொன்னாரா, சும்மா சொன்னாரான்னு இன்னும் எனக்குப் பிடிபடலை. அவசர நேரத்துக்குத் தற்காலிக ஆக்சஸ் கொடுத்து, செய்ததை முழுசாப் பதிவு பண்ணி, மறுநாள் ஒருத்தர் சரிபார்க்கிற முறை இருக்கு. எங்க பரிந்துரையிலேயே அதை எழுதியிருந்தோம். அவங்க ஆக்சஸை எடுக்கிற பாதியை மட்டும் செய்தாங்க. அதைப் பதிலாக டைப் பண்ணிட்டு அழிச்சுட்டேன். கிளையன்ட்டோட லிங்க்ட்இனில் பேசுற விஷயமா அது? மறுநாள் என் மேனேஜர்கிட்ட சொன்னேன், அவர் முறைப்படி அந்தக் கம்பெனிக்கு எழுதினார்.

நிறைய பேர் சிசா தேர்வு பத்திக் கேட்டீங்க. 150 கேள்வி, நாலு மணி நேரம், 800-க்கு 450 வந்தால் பாஸ். பாஸ் ஆனால் மட்டும் சான்றிதழ் கையில் வராது, ஐந்து வருட அனுபவம் காட்டணும், படிப்பு மாதிரி சில காரணங்களுக்கு அதில் மூணு வருடம் வரை தள்ளுபடி உண்டு. நான் எப்படிப் படிச்சேன்னு தனியா ஒரு எபிசோட் போடறேன், இதில் திணிச்சால் நல்லா இருக்காது.

இந்த வருட டீம் லிஸ்ட் போன வாரம் வந்தது. அதே கிளையன்ட் எனக்கே வந்திருக்கு. முதல் நாள் கேட்க வேண்டிய பட்டியலைத் தயார் பண்ணிக்கிட்டிருக்கேன். அவசர ஆக்சஸ் முறை வந்துச்சா, வந்திருந்தால் எத்தனை தடவை பயன்படுத்தினாங்க, அதுக்கான பதிவு எங்கே. அதைத்தான் முதல் வரியாப் போட்டிருக்கேன்.