ஓரி கேட்ட முழுப் பாட்டு



ஆடித் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் கொல்லிமலை விழாக்கோலம் பூணுகின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் பெயரால் செம்மேட்டில் அரசு விழா எடுக்கின்றது. ஆடிப்பெருக்கும் உடன்வருதலால் அறப்பளீசுவரர் கோயிலுக்கு வருவோர் கூட்டமும் சேர்ந்துகொள்கின்றது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சமவெளி மக்கள் மேலேறி வருவர். திருப்புலி நாடு முதலான மலைநாடுகளிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் வருவர். இவ்விரு சாராரும் ஒரே அரங்கின் முன் அமரும் நாள் அது.

அந்நாளை முழுதும் கண்டு கழிப்பவர்க்கு விருந்து பலவாகும். பகலில் மலர்க் கண்காட்சியும் வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஓரியின் மலையில் இன்றும் நாணொலி கேட்கின்றது என்பது மகிழ்தற்குரியது. அரங்கிலோ பள்ளி மாணவர் ஆடல், கரகம், தப்பாட்டம், மலைமக்களின் மரபு ஆட்டம் எனக் கலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அடுத்த குழு மேடையருகே சலங்கை கட்டிக் காத்து நிற்கும். ஆடுவோர் சூடேறி வரும் வேளையில் ஒலிபெருக்கி அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துவிடும். பல கலைகளைக் காட்ட வேண்டுமென்ற நல்லெண்ணமே ஒவ்வொரு கலையின் நேரத்தையும் குறுக்கிவிடுகின்றது.

இதனை யார் குற்றமென்றும் கூறுதற்கில்லை. நாள் சிறிது, குழுக்கள் பல. ஆயினும் ஓரியின் பெயரால் நிகழும் விழாவில் இக்குறுக்கம் சிந்திக்கத்தக்கது. அதற்குச் சான்று புறநானூற்றிலேயே உள்ளது.

152ஆம் பாடலில் வன்பரணர் காட்டும் காட்சி இது. ஒரே அம்பால் யானை தொடங்கி உடும்பு வரை ஐந்து விலங்குகளை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர் குழு காட்டிடையே காண்கின்றது. அவன் யாரென அறியாமலே அவர்கள் பாடத் தொடங்குகின்றனர். முழவுக்கு மண் பூசப்படுகின்றது. யாழில் பண் நிறுத்தப்படுகின்றது. தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை ஒவ்வொன்றும் தன் முறையில் சேர்கின்றன. மூவேழ் துறைகளையும் முறைப்படி பாடி முடித்த பின்னரே அவர்கள் கோவென்று விளிக்கின்றனர். அது தன் பெயராதலின் அவன் நாணுகின்றான். அதன்பின் ஊனும் கள்ளும் தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் தருகின்றான். அவனே கொல்லிப் பொருநன் ஓரி.

இப்பாட்டை ஈகைக்கு எடுத்துக்காட்டாகவே பலரும் கூறுவர். அது கேட்டலுக்கும் எடுத்துக்காட்டாகும். ஓரி 21 துறைகளையும் இடைமறிக்காமல் கேட்டான். வேட்டை முடித்த களைப்பும் வீழ்ந்த விலங்குகளும் இருந்தும், பாட்டுக்கு உரிய காலத்தைப் பாட்டுக்கே விட்டான். பொன்னுக்கு முன் அவன் கொடுத்த கொடை அக்காலமே எனலாம்.

153ஆம் பாடலில் அதே புலவர் வேறொன்று கூறுகின்றார். ஓரியிடம் பரிசில் பெற்ற சுற்றத்தார் பசி நீங்கிய நிறைவால் ஆடவும் இயலாராய்ப் பாடலையும் மறந்தனர் என்கின்றார். அன்றைய மறதி நிறைவால் நேர்ந்தது. இன்று ஒரு பாடல் மறக்கப்படுமாயின் அது முழுதும் கேட்பார் இன்மையால் நேர்வது. நூறு அடிப் பாட்டில் பத்தடியே மேடையேறுமெனின் இளையோர் அப்பத்தடியையே கற்பர். எஞ்சியவை முதியோரின் நாவோடு முடியும்.

கும்மியை எண்ணிப் பார்க்கலாம். பெண்கள் வட்டமாக நின்று உள்நோக்கிக் கைகொட்டி ஆடுவது அதன் இயல்பு. மேடையேறியதும் அவ்வட்டம் பார்வையாளர்க்காகத் திறந்து அரைவட்டமாகின்றது. ஒருத்தியின் முகத்தை மற்றொருத்தி காணும் நிலை குறைகின்றது. ஊர்க் கும்மியில் வழியே வருபவளும் இடையே புகுந்துகொள்ளலாம். மேடைக் கும்மியில் அதற்கு இடமில்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கூத்தும் விடியும் வரை ஆடப்பெறும் கலையே. ஒரு மணி நேரக் கூத்தில் வேடம் தெரியும்; கதை தெரியாது.

விழாக்கள் வேண்டாவென்பது இதன் கருத்தன்று. சென்னை சங்கமம் 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களை மாநகரப் பூங்காக்களுக்கு அழைத்து வந்தது. பறையையும் கரகத்தையும் நேரில் கண்டறியாத பலர் அங்குக் கண்டனர். கொல்லிமலை விழாவும் அத்தகைய பயனை ஆண்டுதோறும் நல்குகின்றது. விழா என்பது வாயில். வாயிலைக் கண்டவர் உள்ளே செல்ல வேண்டும்.

பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வட்டத்தின்முன் வைக்கத்தக்க வேண்டுகோள் ஒன்றே. இப்பத்தாண்டுகளில் கவியரங்குகள் பல நிகழ்ந்தன. கவிஞர் பாட, அவையோர் கேட்டனர். பதினோராம் ஆண்டில் ஒரே ஓர் இரவு கவிஞர்கள் பாடாதிருக்கட்டும். திருப்புலி நாட்டின் ஓர் ஊரில், அவ்வூரார் இசைவுடன், அவர்கள் களத்திலேயே சென்று அமரட்டும். ஒலிபெருக்கியும் கடிகாரமும் வேண்டா. முதல் அடி தொடங்கி இறுதி அடி வரை அவர்கள் பாடுவதைக் கேட்கட்டும். அவர்கள் விரும்பினால் பதிவு செய்து, அப்பதிவை முதலில் அவர்கள் கையிலேயே கொடுக்கட்டும். உழைப்புக்குரிய ஊதியத்தையும் குறைவின்றி அளிக்கட்டும்.

கும்மியின் வடிவும் வட்டமே. இவ்வமைப்புக்கும் வட்டமென்றே பெயர். இரண்டும் ஓரிரவு ஒன்றாகுமெனின் ஓரியின் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான விழா இராது.