முகவரி என்னும் அடைக்கலப் பொருள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. நாம் நாள்தோறும் திறக்கும் மின்னஞ்சல் நிரலில் ‘தொடர்புகள்’ என்றொரு பகுதி இருக்கிறது. நமக்கு மடல் எழுதுவோரின் பெயரும் முகவரியும் அங்கே சேர்ந்துகொண்டே போகின்றன. அவற்றை யாரும் ஒழுங்குபடுத்துவதில்லை. யாரும் பெரிதாக எண்ணுவதுமில்லை. மொழி மன்ற மேடையில் பேசத் தகுந்த பொருளா இது என்று நீங்கள் கேட்கலாம். தகுந்ததே என்பது என் எண்ணம். தமிழ் கணினிக்குள் வந்த கதையில் முகவரிப் பட்டியலுக்குப் பெரும் பங்கு உண்டு.

1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தாங்கிய இணையத்தளம் ஒன்றை அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. அக்காலத்தில் ஒருவர் தமிழில் அனுப்பிய மடல் மற்றவர் திரையில் புரியாத குறிகளாக விழும்; ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை இருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கியிருந்தார். பல நாடுகளில் வாழ்ந்த ஆர்வலர்கள் மின்மடலிலேயே கூடி விவாதித்து ‘டிஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, மதுரைத் திட்டம் தொடங்கியது. ஒருவரையொருவர் நேரில் காணாத தொண்டூழியர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழைதிருத்தி, உலகுக்கு இலவசமாக வழங்கினர். 2000ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் அமைப்பு பிறந்தது.

இப்பணிகள் பலவற்றுக்குத் தனிக் கட்டடம் இருந்ததில்லை. இருந்தது மடலாடற்குழு, அதாவது, முகவரிகளின் பட்டியல். யாருக்கு எது போய்ச் சேர வேண்டும் என்பதைப் பொறுப்போடு பேணிய சிலரால்தான் அந்த உழைப்பு சிதறாமல் ஒன்றுசேர்ந்தது.

அந்தப் பொறுப்பில் நான் தவறிய கதையை இங்கே சொல்ல வேண்டும்.

நான் ஈசூனில் குடியிருப்பவன். சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் வட்டாரத்தில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டம் ஒன்றுக்கு அழைப்பு அனுப்பும் வேலை என்னிடம் இருந்தது. ஏறத்தாழ அறுபது பேர். அவர்களை என் மின்னஞ்சல் நிரலில் ஒரு குழுவாக்கி, ‘வாசகர்’ என்று பெயரிட்டு வைத்திருந்தேன். ஒருநாள் அவசரத்தில் அந்தக் குழுவின் பெயரைப் ‘பெறுநர்’ கட்டத்தில் இட்டு மடலை அனுப்பிவிட்டேன். அன்றிரவு ஓர் அம்மையாரிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: “ஐயா, என் புதிய முகவரியை உங்களிடம் மட்டுந்தான் கொடுத்தேன். இப்போது அது எல்லாரிடமும் இருக்கிறது.” தம்மைத் தொந்தரவு செய்த உறவினர் ஒருவரிடமிருந்து விலகவே அவர் முகவரியை மாற்றியிருந்தார். அந்த உறவினரும் என் பட்டியலில் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் அதன்பின் அவர் வாசகர் வட்டத்துக்கு வரவே இல்லை. அனுப்பிய மடலை மீட்க எனக்கு வழியும் இல்லை.

என் பிழை எங்கே நேர்ந்தது? நாம் உருவாக்கும் ‘குழு’ நமக்குத்தான் ஒரே பெயர். அனுப்பும்போது நிரல் அதை விரித்து, ஒவ்வொருவர் முகவரியையும் தனித்தனியே எழுதிவிடுகிறது. ‘பெறுநர்’ கட்டத்தில் இட்டாலும், ‘சிசி’ எனப்படும் நகல் கட்டத்தில் இட்டாலும், எல்லாரும் எல்லாரையும் காண்பர். ‘பிசிசி’ எனப்படும் மறைநகல் கட்டத்தில் இட்டால் மட்டுமே மற்றவர் முகவரி மறைந்திருக்கும். தட்டச்சுப் பொறிக் காலத்தில் கரித்தாள் வைத்து எடுத்த படிக்கு வழங்கிய பெயரே ‘சிசி’ என்று நிலைத்தது. அக்காலத்தில் படி யாருக்குச் செல்கிறது என்பதை மடலின் அடியில் குறிப்பர். குறிக்காமல் அனுப்பும் படியே மறைநகல்.

மடலாடற்குழு இதிலிருந்து வேறுபட்டது. அதற்கென ஒரே பொது முகவரி உண்டு. அந்த முகவரிக்கு வரும் மடலை வழங்கிக் கணினி உறுப்பினர் அனைவருக்கும் பிரித்து அனுப்பும். உறுப்பினர் பட்டியல் நெறியாளரிடம் இருக்கும். விரும்பியவர் சேரலாம், விரும்பாதவர் விலகலாம். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: அங்கே எழுதுபவரின் முகவரி பிறருக்குத் தெரியலாம். பலர் கலந்துரையாட வேண்டுமானால் மடலாடற்குழு ஏற்றது. ஒருவர் பலருக்குச் செய்தி அறிவிக்க மட்டுமே வேண்டுமானால் மறைநகல் போதும். ஆசிரியர்கள் பெற்றோருக்கு எழுதும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

இனித் தமிழர்க்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். பெரும்பாலான நிரல்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களைக் காட்டுகின்றன. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரே உண்டு. அதைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டு, பட்டியலை அதன்படி அடுக்கினால், மாணவர்கள் எல்லாரும் தத்தம் தந்தையர் பெயரில் வரிசையாக நிற்பர். மகளுக்கு எழுதும் மடல் தந்தையை விளித்துத் தொடங்கும் விந்தையும் நேரும். அழைக்கும் பெயரை முதற்கட்டத்தில் இட்டு, தந்தை பெயரைக் குறிப்பில் வைப்பதே நமக்குப் பொருந்தும்.

அகர வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. அருள், அழகன், அறிவு, அன்பு: இது நம் அகராதி முறை. குறியீட்டெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் அன்பு, அருள், அறிவு, அழகன் என்று மாற்றிவிடும். காரணம், ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி இஸ்கி என்னும் இந்தியப் பொதுக் குறியீட்டைப் பின்பற்றியது. பிற இந்திய எழுத்துகளோடு இணையாக நிறுத்துவதற்காக அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் ளகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டன. தமிழ் வரிசைக்கெனத் தனி விதியை ஏற்ற நிரல்களில் இக்குறை இல்லை. ஆகவே, நீண்ட பட்டியலில் ஒரு பெயரைக் காணவில்லை என்றால், அது இல்லை என்று முடிவு கட்டாமல் தேடல் கட்டத்தில் தட்டிப் பாருங்கள். அப்படி முடிவு கட்டியதால் அழைப்புக் கிடைக்காமல் போனவரின் மனவருத்தம் சிறிதன்று.

சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. அமைப்புகளுக்கு அது விதிக்கும் கடமைகளில் நான்கை நம் சொந்தப் பட்டியலுக்கும் நெறியாக ஏற்கலாம். இசைவு பெற்றே ஒருவரைச் சேர்த்தல். எந்த நோக்கத்துக்காகப் பெற்றோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்தல். முகவரி சரியானதா என்று பார்த்தல். தேவை முடிந்ததும் நீக்குதல். நாடகப் போட்டிக்காகத் திரட்டிய முகவரிகளைக் கடை விளம்பரத்துக்குக் கொடுத்தால் இரண்டாவது நெறி முறிகிறது. பள்ளியை விட்டுச் சென்ற மாணவரின் பெற்றோருக்கு இன்னும் தேர்வு அறிவிப்பு போனால் நான்காவது நெறி முறிகிறது. கல்வி ஆண்டு முடியும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பட்டியலைத் திருத்துவது நல்ல பழக்கம். அதோடு, நிரல் தானே நினைவில் வைத்திருக்கும் பழைய முகவரிகளையும் நீக்குங்கள். இரண்டெழுத்துத் தட்டியதும் தவறான ஒருவரை எடுத்து நீட்டுவது பெரும்பாலும் அந்த நினைவுதான்.

1995இல் நம் நாட்டில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு வந்தது. ஈசூனில் 76 என்று தொடங்கி, பெரும்பாலும் புளோக் எண்ணில் முடியும் அந்த ஆறிலக்கம், கடிதத்தைச் சரியான அடுக்குமாடிக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது. ஆனால் புளோக் எண் சுவரில் எழுதியிருக்கிறது. தெருவில் போகிற எவரும் படிக்கலாம். மின்னஞ்சல் முகவரி அப்படிப்பட்டதன்று. ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்தால்தான் அது நமக்குத் தெரியும்.

சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். பின்னர் நேர்ந்தவற்றுக்கு மாதரி காரணமல்லள். ஆயினும், ஒப்படைத்த பொருளைக் காக்கவில்லையே என்ற துயரால் அவள் தீயில் புகுந்தாள் என்று அந்நூல் சொல்கிறது. அத்தகைய முடிவை எவரும் மேற்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், பிறர் ஒப்படைத்ததை நம் உடைமையாக எண்ணலாகாது என்ற உணர்வு நமக்குப் புதிதன்று.

மாணவச் செல்வங்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் தொடர்புப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒருவர் உங்களிடம் வைத்த நம்பிக்கை. அடுத்த மடலை அனுப்பும் பொத்தானைத் தொடுமுன், முகவரிகள் எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். அந்த ஒரு நொடியை நான் அன்று ஒதுக்கியிருந்தால், எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாகியிராது.